நான் என்று சொல்லும் வேலை

ஸ்பானிஷ் படித்தால் என்ன ஜோலி கிடைக்கும் என்று என்னைக் கேட்காத ஜீவன்கள் எங்கள் லயத்தில் இரண்டே இரண்டு. ஒன்று, அடுத்த வீட்டு நாய். இன்னொன்று, என் அம்மா.

நாயை விடுங்கள். அம்மா கேட்காததுதான் என்னைப் படுத்தியது. கேட்டால் எரிந்து விழலாம், கதவைச் சாத்தலாம், சோறு வேண்டாம் என்று ரோஷம் காட்டலாம். அவளோ தேயிலைக் காட்டிலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றி வாசலில் கவிழ்த்துவிட்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் என்ன சண்டை போடுவது?

லயம் என்றால் எஸ்டேட்டில் வேலை செய்பவர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். எங்களுடையது மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி போகிற ரோட்டுக்கு மேலே இருந்தது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் "சேசுவே" என்பார்கள். நான் பெங்களூரில் வேலை போய்ப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் முற்றத்தில் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த வீட்டுப் பெரியம்மாதான் எப்போதும் ஆரம்பிப்பாள்.

"நர்ஸுக்குப் படிச்சு ஜெர்மன் பரிச்ச எழுதியிருந்தா இந்நேரம் பிளேன் ஏறியிருப்ப. நீ என்னட்டி, ஒருத்தரும் படிக்காத பாஷையப் போயிப் படிச்சு வச்சிருக்க?"

"ஒருத்தரும் படிக்கலன்னா எல்லா ஜோலியும் எனக்குத்தான பெரியம்மா?"

"அந்த ஸ்பெயினு எங்கன இருக்கு? துபாய்க்கு அங்கிட்டா, இங்கிட்டா?"

"அங்கிட்டு."

"அம்புட்டுத் தூரமா!" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாள். இதே கேள்வியை நாலு வாரம் தொடர்ந்து கேட்டிருக்கிறாள். நாலு வாரமும் அதிர்ச்சி குறையவே இல்லை.

நான் அந்தப் பாஷையைத் தேர்ந்தெடுத்த கதை பெரிய கதையெல்லாம் இல்லை. பிளஸ் டூ லீவில் மாட்டுப்பட்டி அணைக்கட்டுப் பக்கம் ஒரு கடையில் கேரட்டும் அவித்த சோளமும் விற்றேன். இங்கிலீஷ் பேசும் கைடுகள் ஈ மொய்க்கிற மாதிரி மொய்ப்பார்கள். ஹிந்திக்கும் ஆள் உண்டு. ஒருநாள் வந்த குடும்பத்திடம் மட்டும் யாராலும் பேச முடியவில்லை. அவர்கள் ஏதோ கேட்டார்கள், கைடுகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஸ்பெயின்காரர்கள் என்று டிரைவர் சொன்னார். சரி, இந்தக் கூட்டத்தை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். கையில் கேரட் கட்டு. எனக்குக் கிடைத்த வேலை ஆலோசனை அவ்வளவுதான்.

பிறகு ஐதராபாத்தில் மூன்று வருடம் படித்தேன். வாத்தியார்கள் போர்டில் எழுதிக் காட்டிய வேலைகள் எனக்கு இன்றும் மனப்பாடம்: மொழிபெயர்ப்பு, துபாஷி வேலை, பள்ளிக்கூடம், தூதரகம், விமானக் கம்பெனி, சுற்றுலா, ஏற்றுமதி. போர்டில் நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்து பார்த்தால் முதலில் கிடைத்தது பெங்களூரில் ஹோட்டல் ரூம் பதிவு செய்யும் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை. மெக்சிகோவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள். கெட்ட வார்த்தைகளை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. அதை அங்கேதான் கற்றேன். ஒரு வருடத்தில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். அடுத்து மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விளக்கச் சீட்டுகளை மொழிபெயர்க்கும் வேலை. சேர்ந்த ஆறாம் மாதமே மெஷின் மொழிபெயர்க்க, நான் திருத்த வேண்டும் என்று ஆகிவிட்டது. யாரோ சமைத்ததை நாள் முழுக்க உப்புப் பார்ப்பது மாதிரி. பிறகு ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு டியூஷன். அவளுக்குப் பாடத்தைவிடப் பூனையைத்தான் பிடித்திருந்தது. எனக்கும்தான். இடையில் வந்துபோன இரண்டு சில்லறை வேலைகளையும் சேர்த்தால் ஆறு வருடத்தில் ஐந்து வேலை.

எல்லாப் பழியையும் கம்பெனிகள் மேல் போட்டுவிட முடியாது. எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. ஆறு மாதம் ஆனால் போதும், ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். "ஒங்காலுல சக்கரத்தக் கட்டித்தான் பெத்துப்போட்டேன் போல" என்று அம்மா போனில் சிரிப்பாள். சிரிக்கிறாளா, வருத்தப்படுகிறாளா என்று போனில் தெரியாது.

இப்படி இருந்தவள் லயத்துக்குத் திரும்பிவந்து நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு ஃபாரம்.

எங்கள் எஸ்டேட்டில் வீடு ஜோலியோடு ஒட்டிக்கொண்டது. ஜோலி உள்ளவரை வீடு. ஐம்பத்தெட்டு முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் பெயர் கொடுத்துக் காட்டுக்கு இறங்க வேண்டும். அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அம்மாவுக்கு ஏப்ரலில் ஐம்பத்தெட்டு. ஆகவே அந்த இன்னொருவர், ஸ்பானிஷ் படித்த நான்தான்.

ஃபாரத்தை ஆபீசிலிருந்து வாங்கிவந்த அம்மா, அதை ஃபிரிட்ஜ் மேலே மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்தாள். கையெழுத்துப் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. பிப்ரவரி கடைசிக்குள் கொடுக்க வேண்டும். தினமும் அவள் வேலைக்குப் போன பிறகு அதை எடுத்துப் படிப்பேன், பேனாவைத் திறப்பேன், மூடுவேன். கொழுந்து பறிக்க எனக்கு இஷ்டம் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்படவும் இல்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு வேறு கூரை கிடையாது. நான் போடாத ஒரு கையெழுத்தால் அவள் சட்டி பானையோடு ரோட்டில் நிற்பதா? எழுந்து வாசலுக்குப் போவேன், ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்ப்பேன், திரும்ப வருவேன். ஃபாரம் அங்கேயே இருக்கும்.

அப்போதுதான் கொச்சியிலிருந்து ஒரு சுற்றுலாக் கம்பெனி கூப்பிட்டது. ஸ்பெயின்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், கூடவே ஊர் ஊராகப் போய்வர ஆள் வேண்டும், ஒருநாள் மூணாறில் வேலை செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஊர் சுற்றச் சம்பளம்! எனக்கென்றே செய்துவைத்த வேலை. வீடு மட்டும் அதில் கிடையாது.

ஒரு கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் லயத்து முகவரியை நான் எழுதவில்லை. மூணாறு டவுனில் இருக்கும் ஒரு சிநேகிதியின் முகவரியை எழுதினேன். தேயிலைக்காரி மகள் என்று தெரிந்தால் எடுக்கமாட்டார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் அம்மாவை வைத்துத்தான் பழகினேன். துபாஷிக்கு ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர் 'எனக்குப் பசிக்கிறது' என்றால், துபாஷியும் அடுத்த பாஷையில் 'எனக்குப் பசிக்கிறது' என்றே சொல்ல வேண்டும். 'இவருக்குப் பசிக்கிறதாம்' என்று விலகி நிற்கக் கூடாது. நடுவில் நீ என்று ஒருத்தி இல்லை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சூப்பர்வைசரைத் திட்டுவாள். நானும் அதே வேகத்தில் ஸ்பானிஷில் திட்டுவேன்.

"நான் சொன்னத மட்டுந்தான் சொன்னியா? நடுவுல ஒன் வாய வைக்கலயா?"

"வைக்கக் கூடாது. அதாம்மா சட்டம்."

"குறுக்க பேசக்கூடாதா?"

"கூடவே கூடாது."

"அடி சண்டாளி, இந்தச் சட்டத்த வீட்லயும் வச்சிருந்தா நான் எம்புட்டு நிம்மதியா இருந்திருப்பேன்!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பாதி வெங்காயம்.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன். "நாளைக்கு எங்கயாச்சும் ரோட்டோரம் என்னப் பாத்தா கூப்புடாதம்மா. கூட கம்பெனி ஆளு இருப்பாரு. சொந்தக்காரங்களோட நின்னு பேசுனா அவங்களுக்குப் பிடிக்காது." கடைசி வாக்கியம் நான் கட்டியது.

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரிங்க மேடம்" என்றாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவள் காட்டுக்குப் போய்விட்டிருந்தாள். பழக்கதோஷத்தில் ஃபிரிட்ஜ் மேலே பார்த்தேன். மாதா சுரூபம் இருந்தது. ஃபாரம் இல்லை.

அடுப்படி, அலமாரி, தலையணைக்கு அடி, எல்லா இடமும் தேடினேன். இல்லை. அவளே என் கையெழுத்தைப் போட்டு ஆபீசில் கொடுத்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. என்னைக் கேட்காமல்! இருபத்தேழு வயதுக்காரியின் வாழ்க்கையை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டாள்! கீழே வேன் ஹாரன் அடித்தது. அணைக்கட்டு ரோட்டில் காத்திருப்பேன் என்றுதான் கம்பெனியிடம் சொல்லியிருந்தேன். தலையை எப்படிப் பின்னினேன் என்றே தெரியவில்லை, ஓடினேன்.

வேனில் பன்னிரண்டு ஸ்பெயின்காரர்கள், எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள். முன் சீட்டில் என்னைச் சோதிக்க வந்த, தமிழும் ஸ்பானிஷும் தெரிந்த கொச்சிக்காரர், மடியில் மார்க் போடும் காகிதத்தோடு. ஏலக்காய், யூகலிப்டஸ், அணைக்கட்டு என்று வாய் பாட்டுக்கு ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருந்தது. மனசு ஆபீசில் நின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவைக் கேட்க வேண்டிய வார்த்தைகளை வரிசையாக அடுக்கினேன். பெங்களூரில் கற்ற வார்த்தைகளும் அதில் இருந்தன.

ரோட்டோரத்தில் ஒரு காட்டில் வேன் நின்றது. சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் பார்க்க எஸ்டேட் அனுமதி கொடுத்திருந்த காடு அது. பெண்கள் வரிசையாக நின்று கத்திரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக நின்றது என் அம்மா. அன்று அவர்களுக்கு வேறு காடு என்றுதான் நினைத்திருந்தேன். ஆண்டவரே, என்னை மட்டும் ஏன் இப்படிச் சோதிக்கிறீர்!

"இவங்களோட பேச யாராச்சும் ஒராளு வாங்க" என்று சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். மற்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"நான் பேசுதேன். வணக்கம் மேடம்."

என் காது சுட்டது. வணக்கம் சொன்னேன். வேறென்ன செய்ய?

ஸ்பெயின்காரர்களில் பள்ளிக்கூட டீச்சராக இருந்த ஒரு அம்மாள் முன்னால் வந்தார். அம்மா கழுத்தில் கிடந்த மாதா மெடலைக் காட்டி, தன் கழுத்திலிருந்ததையும் வெளியே எடுத்துக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அதற்கு நான் தேவைப்படவில்லை. எத்தனை வருடமாக இந்த வேலை, முதுகு வலிக்காதா, அட்டை கடிக்காதா என்று கேள்விகள் வந்தன. அம்மா சொன்னாள், நான் சொன்னேன். என் முதுகு வலிக்கிறது, என் காலில் அட்டை ஏறும், உப்பு வைத்திருக்கிறேன். கொச்சிக்காரர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்.

பிறகு டீச்சரம்மாள் கேட்டார்: "ஓய்வுபெற்ற பிறகு எங்கே இருப்பீர்கள்?"

நான் தமிழில் சொன்னேன். அம்மா கையிலிருந்த தேயிலைக் கறையைத் துடைத்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்து நிதானமாக ஆரம்பித்தாள்.

"இந்த வீடு எனக்கு ஏப்ரல் வரைக்குந்தான். மக பேரக் குடுத்தா வீடு நிக்கும். நான் குடுக்கல. பேரு வேண்டாம், வீட்டக் காலி பண்ணிக்கிடுதேன்னு இன்னைக்குக் காலைலயே எழுதிக் குடுத்துட்டேன்."

எழுதிக் கொடுத்துவிட்டாளா? வீட்டையா? யாரைக் கேட்டு? வாய் வரைக்கும் வந்துவிட்டது. பன்னிரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கிவிட்டு ஸ்பானிஷில் சொன்னேன்: என் வீடு ஏப்ரல் வரைக்கும்தான். என் மகள் பெயரை நான் கொடுக்கவில்லை. வீட்டைக் காலி செய்கிறேன் என்று இன்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் முதல் வாக்கியத்திலேயே பாய்ந்திருப்பேன். இங்கே நான் குறுக்கே பேச முடியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் கத்திரியைக் கீழே வைத்திருக்கிறாள். அடிப்பாவி அம்மா!

அவள் நிறுத்தவில்லை. "என் மக தூர தேசத்துப் பாஷையெல்லாம் படிச்சவ. ஒரு எடத்துல நிக்கமாட்டா. அவ இங்கன வந்து கத்திரி பிடிச்சா, அவளும் செத்தா, நானும் செத்தேன். நாலு மாசமா அந்தக் காயிதத்த எடுத்து எடுத்துப் பாத்துட்டு வைக்கா. பேனாவுல ஒரு நா செவப்பு மூடி, ஒரு நா நீல மூடி, மாறிக் கெடக்கும். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கா."

பேனா மூடியைக்கூட விடாமல் சொன்னேன்.

"அவ போற ஊருக்கு நானும் போலாம்னு இருக்கேன். நான் இந்த மலைய விட்டு எறங்குனதே இல்ல. எனக்கும் பாக்கணும்னு இருக்காதா? ஆனா அவகிட்ட இன்னும் கேக்கல. பயமாத்தான் இருக்கு."

பயமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். என் மகளிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது என்று, கரடுமுரடான மண்ணில் நின்றுகொண்டு, பன்னிரண்டு பேருக்கு முன்னால், என் வாயால் நானே சொன்னேன். இவளுக்கு என்னிடம் பயம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

டீச்சரம்மாள் மெல்லக் கேட்டார். நான் திரும்பி அம்மாவிடம் சொன்னேன்: "ஒங்க மக என்ன சொல்லுவாங்கன்னு கேக்காங்க."

"அது எனக்கெப்படித் தெரியும்? நீங்களே கேட்டுச் சொல்லுங்க மேடம்."

கத்திரிச் சத்தம் நின்றிருந்தது. பெண்கள் வெட்டுவதை எப்போது நிறுத்தினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. கொச்சிக்காரர் பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பிறகு வந்ததைச் சொன்னால் வெட்கம்: ஒரு நிமிஷம் கணக்குப் பார்த்தேன். இவளையும் கூட்டிக்கொண்டு எப்படி ஊர் ஊராக அலைவது, இனி நினைத்த நேரத்தில் பெட்டியைத் தூக்க முடியுமா என்று. அம்மா அந்தக் கணக்கை என் முகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"வாடக வீடு. சின்னதா இருக்கும்" என்றேன். "நான் பாதி நாள் ஊருல இருக்கமாட்டேன். எங்கன மாத்துவாங்களோ, அங்கன போணும். அங்கன வந்து ஊர்ப்பட்ட நாயம் பேசிக்கிட்டுத் திரியாம வாய மூடிக்கிட்டு இருக்கணும்."

"வாய மூட முடியாது. மத்ததெல்லாம் சரி" என்றாள் அம்மா.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். பின்னால் பெரியம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் நன்றாகவே கேட்டது.

ஸ்பெயின்காரர்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள். துபாஷி என்னவோ பேசுகிறாள், அது அவர்களுக்கு வந்துசேரவில்லை. சட்டப்படி அதையும் சொல்லியாக வேண்டும். சொன்னேன். "இவர் என் அம்மா. என்னோடு வரட்டும் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீடு அதோ, அந்த மேட்டில், நீலக் கதவு."

டீச்சரம்மாள் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா கூச்சத்தில் நெளிந்தாள். "சேலையெல்லாம் கறைன்னு சொல்லுட்டி அவுகள்ட்ட!" என்றாள். 'மேடம்' போய்விட்டது.

வேன் கிளம்பியதும் கொச்சிக்காரர் காகிதத்தில் குனிந்து எழுத ஆரம்பித்தார். போச்சு என்று நினைத்தேன். டவுன் வந்ததும் காகிதத்தை என் பக்கம் நீட்டினார். 'ஒரு இடத்தில் சொந்தப் பேச்சு பேசினார்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே மற்ற எல்லாவற்றுக்கும் மார்க் இருந்தது. "குழப்பமில்ல, பரவாயில்ல. ஆனா அட்ரஸ் எதுக்கு மாத்தி எழுதினீங்க?" என்று கேட்டார். நான் காகிதத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் முதல் வாரம் வேலைக்குச் சேரும் காகிதங்கள் வந்தன. அம்மா நடுவீட்டில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். போகிற இடம் கொச்சிக்குப் பக்கத்திலுள்ள ஆலுவா என்று மட்டும் தெரியும். வீடு இன்னும் பார்க்கவில்லை. கிளம்பும் பரபரப்பு எனக்கு வர வேண்டும். வந்திருந்தது அவளுக்கு. ரெண்டு நாளாகத் தூங்கவே இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று பத்து தடவை கேட்டுவிட்டாள். நான்தான் சுவரையும் நீலக் கதவையும் பார்த்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

"என்னட்டி, எழுதாம முழிச்சிக்கிட்டு இருக்க?"

"நிரந்தர முகவரின்னு ஒரு கட்டம் இருக்கும்மா. என்னத்தப் போட?"

அவள் குக்கர் மூடியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "சும்மா விடு. யாராச்சும் கேட்டா நான் பேசிக்கிடுதேன். நீ அவுக பாஷைல மாத்திச் சொன்னாப் போதும்."